நகர்ந்தவர் காத்திருந்தவர் ஆகார்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு செய்த மகத்தான காரியம் எங்கள் லாரி கம்பெனியின் "காத்திருப்புப் படி"தான். சும்மா புகழவில்லை. விதிகளை எழுதிய குழுவில் நானும் ஒருவன். பிஸ்கட் தீரும்வரை உட்கார்ந்து எழுதினோம்.

சரக்கு இறக்கப் போன இடத்தில் ஓட்டுநர் தேவுடு காத்தால், அந்த நேரத்துக்கும் கம்பெனி பணம் தரும். எவ்வளவு பெரிய மனசு! ஒரே ஒரு சின்ன நிபந்தனை. வண்டி தொடர்ந்து நாலு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் அது "பயணம்". பயணத்துக்குத்தான் கிலோமீட்டர் கணக்கில் கூலி உண்டே! அசைவைக் கண்டுபிடிக்க வண்டிக்கு வண்டி கருவி பொருத்தினோம். பொய் சொல்லத் தெரியாத ஜீவன் அது.

திட்டம் அமோக வெற்றி. இதுவரை ஒரு பைசா செலவாகவில்லை.

இந்த வெற்றியைக் கெடுக்க நேற்று ஒருவர் வந்தார். எங்கள் ஓட்டுநர்தான், "மீசை" என்போம். ஏதோ ஒரு கிடங்கு வாசலில் இரண்டு நாள் வரிசையில் கிடந்தாராம். அதற்குள் அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகிவிட்டது. பில்லைக் கட்டினால்தான் தாயையும் பிள்ளையையும் வெளியே விடுவார்களாம். விஷயத்தின் தீவிரத்தை உணர்ந்த மேலாளர் உடனே கூட்டம் போட்டார்.

"ரெண்டு நாள் காத்துக் கிடந்தேன் சார். அந்தக் காசக் குடுத்தீங்கன்னா ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

மேலாளர் திரையைப் பார்த்தார். "நீங்க எங்கங்க காத்திருந்தீங்க? மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் வண்டி ஓட்டியிருக்கீங்களே!"

"முன்னாடி வண்டி உள்ள போனா நானும் ஒரு வண்டி நீளம் நகரணும்ல? அதெல்லாம் ஓட்டுறதா சார்?"

"நகர்ந்துச்சா, இல்லையா?"

"நகர்ந்துச்சு."

"அப்ப பயணம். அதுக்குக் கூலி போட்டாச்சே!"

உண்மைதான். அந்தக் கூலியில் ஒரு டீ குடிக்கலாம், கடைக்காரர் கொஞ்சம் தள்ளுபடி செய்தால்.

"சரி சார், நகராம நின்னிருந்தா?"

"ஐயையோ! பின்னாடி வர்றவங்க வழிய மறிச்ச குத்தம். அபராதம் போட்டிருப்போம்."

"அப்ப எப்படித்தான் சார் காத்திருக்கிறது?"

இந்தக் கோணத்தில் நாங்கள் யோசித்ததே இல்லை. "ஆளு சரியில்ல" என்று மேலாளர் என் காதைக் கடித்தார்.

மீசை மேசையை ஓங்கித் தட்டினார். "அங்க என் பொண்டாட்டி பச்சப்புள்ளைய அணைச்சுக்கிட்டுக் கட்டில்ல கிடக்கா. ஒரு அடி நகர விடமாட்டேங்குறாங்க. அதையாச்சும் காத்திருப்புன்னு ஒத்துக்குவீங்களா, மாட்டீங்களா?"

மேலாளர் நெகிழ்ந்துபோனார். "இதுதாங்க காத்திருப்பு! நம்ம விதி எவ்வளவு கச்சிதமா பொருந்துது பாருங்க!"

விதிகளைப் புரட்டினேன். சத்தியமாகப் பொருந்தியது. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து முழுத் தகுதி பெற்றவர்கள் அந்தத் தாயும் பிள்ளையும்தான். கூட்டக் குறிப்பில் இருவரையும் மனமாரப் பாராட்டி எழுதினேன். பணம் கொடுக்கத்தான் வழியில்லை. அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லையே!

இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். கட்டில் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. உலகத்துக்கு வந்த கையோடு ஓர் உயிரைக் காக்க வைத்த பெருமை எங்கள் கம்பெனியையே சேரும்.