நூத்துல ஏழு போனா

"உங்க பேரு என்னங்க?" என்று மோனிஷா கேட்டாள். கட்டிலில் படுத்திருந்தவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து ஸ்டூலில் இருந்த அம்மாள் முந்திக்கொண்டாள்.

"துளசிமணிங்."

"அம்மா, அவரே சொல்லட்டும்."

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் நரம்பியல் வார்டுக்கு மோனிஷா நர்ஸாக வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு நோயாளிக்கு நாக்குக் குழறியதைத் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டு, சீனியர் ஜெயப்பிரியாவிடம் வார்டே கேட்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. இன்னொரு தடவை அப்படி நடந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"ஆறாம் நம்பர் துளசிமணி, மொபெட்ல இருந்து விழுந்து தலையில அடி. மணிக்கு ஒரு தடவை நினைவு, கண்ணு, கை, கால் எல்லாம் பாரு. துளி மாறினாலும் டாக்டரைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு ஜெயப்பிரியா போயிருந்தாள். கேஸ் ஷீட் ஏற்கெனவே கீழே ஸ்கேன் அறைக்குப் போய்விட்டது.

கட்டிலில் இருந்தவர் அம்மாளை ஒருதரம் பார்த்துவிட்டு, "நாச்சிமுத்துங்க" என்றார்.

மோனிஷா அவசரமாக நோட்டைத் திறந்தாள். சொந்தப் பேரே மறந்துவிட்டதே!

"இன்னிக்கு என்ன கிழமைங்க?"

"வெசாளக்கெழமைங்" என்றாள் அம்மாள், பட்டென்று.

"புதனுங்களா?" என்றார் அவர்.

"அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நூத்துல ஏழு போனா எவ்வளவுங்க?"

"தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்போது..." அம்மாள் நிற்கவே இல்லை. நாமக்கல் பக்கம் பத்தாயிரம் கோழி வளர்க்கிறவளாம்.

அவரோ யோசித்தார். "எதுக்குங்க போவோணும்? இந்தக் கணக்கெல்லாம் ஊட்டுல அம்மிணிதானுங்க பாக்கறது."

"பாவம், ராத்திரி பூரா கண்ணு மூடலீங் சாமி. நாந்தான் கொஞ்சம் படுங்கன்னு..."

"தெரியுதும்மா, நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கறீங்க. ஆனா நீங்களே பதில் சொன்னா நான் எப்படிப் பரிசோதிக்கறது? கொஞ்சம் வெளியில உக்காருங்க."

அம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "சரீங் சாமி" என்று எழுந்து போனாள்.

அதற்கப்புறம் நிலைமை இன்னும் மோசமானது. தலையைத் தடவிப் பார்த்தால் ஒரு வீக்கம்கூட இல்லை. அப்படியென்றால் அடி உள்ளுக்குள்தான்! சின்ன ரப்பர் சுத்தியலால் இடது முட்டியில் தட்டினாள், கால் அசையவில்லை. வலது முட்டியில் தட்டினாள். பறந்த கால் தண்ணீர் ஜக்கைத் தள்ளிவிட்டது. உள்ளங்காலில் கீறியதும் மனிதர் குழந்தைபோல் கெக்கெக்கென்று சிரித்தார்.

"காரணமில்லாத சிரிப்பு" என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. அப்படியே வெச்சிருங்க."

நல்ல மனுஷர். சொன்னபடி நீட்டினார். பத்து எண்ணுவதற்குள் இரண்டு கைகளும் மெல்லத் தாழ்ந்து வயிற்றில் விழுந்தன. தொடர்ந்து குறட்டை.

நினைவு தப்புகிறது! மோனிஷா போனுக்கு ஓடினாள். "டாக்டர், ஆறாம் நம்பர் பேஷண்ட்... பேரு தெரியல, கிழமை தெரியல, கை இறங்குது, இப்ப எழுப்பினாலும் எழுந்திரிக்க மாட்டேங்கறாரு!"

சாப்பாட்டில் கை வைத்திருந்த டாக்டர் சபரிநாதன், "உடனே ஸ்கேனுக்கு இறக்குங்க, நான் வாரேன்" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் அவர் விழித்துக்கொண்டார். "ஏனுங் சிஸ்டர், என்னைய எங்க தள்ளிட்டுப் போறீங்க? அம்மிணி எங்க?"

"வருவாங்க. நீங்க பயப்படாதீங்க."

"பயமில்லீங்க. எனக்குத்தான் ஒண்ணுமில்லீங்களே!"

எழுந்து உட்காரப் பார்த்தவரை வார்டு உதவியாளர் சின்னானும் மோனிஷாவும் சேர்ந்து அமுக்கிப் படுக்கவைத்தார்கள். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதும் மூளையில் அடிபட்டதற்கு அறிகுறி என்று அவள் படித்திருக்கிறாள். அதையும் குறித்துக்கொண்டாள். பயத்துக்கு நடுவிலும் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை எதையும் விடவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றப் போகிறோம். ஜெயப்பிரியாவே வந்து கை கொடுப்பாள்.

லிஃப்ட் திறந்ததும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஸ்கேன் அறைக் கதவை இடித்துத் திறந்தாள்.

"யோகேஷ் அண்ணா, அவசரம்! ஆறாம் நம்பர் துளசிமணி!"

டெக்னீஷியன் யோகேஷ் ஸ்ட்ரெச்சரில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"துளசிமணியா? வார்டுக்கு வெளியில உக்காந்திருந்த அந்தம்மாவைக் கூட்டியாரச் சொல்லி இப்பத்தான சிஸ்டர் ஸ்கேன் எடுத்து முடிச்சேன். இவரு யாரு, அவங்க ஊட்டுக்காரருங்களா?"