டெலீட் அக்கா

கொடைக்கானலில் இன்னும் அடித்துத் திருத்தப்படாமல் இருப்பது மலை ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் டெலீட் அக்காவின் விரல் பட்டிருக்கிறது.

நாயுடுபுரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஊருக்கே அக்கா, எனக்கும் அக்கா. எதை டைப் அடிக்கக் கொடுத்தாலும் பிடிக்காததைத் தூக்கிவிடுவார். ஒரு ஓட்டல் மெனு கார்டில் பாதிப் பலகாரத்தைக் காணோம். முதலாளி சண்டைக்கு வந்தார்.

"ஒருநாளாச்சும் உங்க கடையில இடியாப்பம் இருந்துச்சா? இல்லாதத எதுக்குங்க போடணும்?"

முதலாளி முணுமுணுத்தபடி கார்டை வாங்கிக்கொண்டு போனார்.

இவரிடம்தான் என் முதல் நாவலைக் கொடுத்தேன். நான் மன்னவனூரில் வாத்தியார். உருளைக்கிழங்கு போட்டு நொடித்துப்போன ஒரு குடும்பத்தின் கதையைப் பத்து வருடம் நோட்டு நோட்டாக எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், முதல் நாற்பது பக்கம் இல்லை.

"எங்கக்கா?"

"மூடுபனி எறங்கிக்கிட்டே கெடக்கு சார். இங்க குடியிருக்கற எங்களுக்கே அம்புட்டு எறங்கல. நாப்பத்தோராம் பக்கத்துலதான் அந்தக் குடும்பத்துப் பொம்பள வாயத் தொறக்குது. அங்கேருந்து அடிச்சிருக்கேன்."

நோட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். மூடுபனிக்குச் சேதாரமில்லாமல் வேறொரு கடையில் டைப் அடித்து வாங்கினேன். என் பெருமைகளை இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஒரே வரி வந்தது: 'தொடக்கம் நகரவில்லை.' இன்னொரு பதிப்பகம் பதிலே போடவில்லை. இனி எழுத்தே வேண்டாமென்று நோட்டுகளைப் பரணில் போட்டேன்.

பள்ளிக்கூடக் கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்க மறுபடி அக்கா கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. தலையைக் குனிந்து நின்றேன்.

"அந்தப் பொம்பள கடைசியில நெலத்த வித்துச்சா இல்லையா? பாதியில புடுங்கிட்டுப் போயிட்டீங்களே. எனக்குச் சோறு எறங்கல சார்."

என் கதையின் முடிவை ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. மறுநாளே நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாவது பதிப்பகம் ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம் கேட்டது. நான் எழுதிக்கொண்டுபோனது பதினொரு பக்கம்.

"மன்னவனூர் பஸ் கெளம்பப் போகுது. அதுக்குள்ள கதையச் சொல்லுங்க, வெரசா!"

கடைக்கு எதிரே டிரைவர் ஹாரன் அடிக்க, நான் கத்த, அக்கா தட்டினார். கடைசி வரியை ஓடிக்கொண்டே சொன்னேன். சரியாக ஒரு பக்கம். என் பெருமைக் கடிதம் மூன்று வரியாகச் சுருங்கியது: பெயர், வேலை, 'படித்துப் பாருங்கள்.' மெயிலையும் அவரே அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் பதிப்பாசிரியர் போன் செய்தார். நாவலைப் போடுகிறார்களாம்.

"எடுத்த எடுப்பிலேயே அந்தம்மா பேச ஆரம்பிச்சிடறாங்க. எப்படிங்க தோணுச்சு?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "நாயுடுபுரத்துல ஒரு அக்கா இருக்காங்க" என்றேன்.

முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். அட்டையைத் தடவினார், மோந்து பார்த்தார், மெஷினை ஆஃப் பண்ணினார். நின்றிருந்த நாலு பேரையும் "பொறகு வாங்க" என்று அனுப்பிவிட்டு வாசிக்க உட்கார்ந்தார்.

"நீங்க டைப் அடிச்சதுதானேக்கா?"

"அது சோலி. இப்பத்தான் சார் படிக்கறேன்."

இப்போது லேப்டாப் வாங்கிவிட்டேன், தமிழ் டைப்பிங்கும் பழகிவிட்டேன். இரண்டாவது நாவலை மட்டும் நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் கொண்டுபோக வேண்டுமே.