192ஆம் பக்கத்துக்கு அடுத்த பக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், சனிக்கிழமையிலிருந்து என் மகளைத் தவிர அங்கே யாரும் என் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நான்காம் முறையாக எழுதுகிறேன். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாங்கள் குடிநீர் வாரியத்தில் பணியாற்றிய அனுபவங்களை எழுதிய ‘நீர் அழுத்தமும் நானும்’ என்ற நூலை மூன்று முறை படித்ததாக நான் தங்களிடம் சொல்லியிருக்கிறேன். வால்வு அத்தியாயத்தில் கண் கலங்கிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை காலை எடுத்த ஒரு புகைப்படத்தில், அந்த நூலை வலது கையிலும், ‘இந்தப் புத்தகத்தை நான் இதுவரை படித்ததில்லை’ என்று எழுதிய அட்டையை இடது கையிலும் பிடித்துக்கொண்டு நான் சிரித்தபடி நிற்கிறேன். அட்டையில் உள்ள கையெழுத்து என்னுடையதுதான். அந்தப் படம் பத்து நிமிடத்தில் சம்பந்தியம்மாவின் செல்போனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. “உங்க அப்பா மூணு தடவை படிச்சதா சொன்னாரே” என்ற ஒற்றை வரியோடு அதை அவர்கள் என் மகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த மாதம் இரண்டாம் பதிப்பு வெளியீட்டில் நான் பேசுவதாக இருந்த பதினைந்து நிமிடத்தைப் பற்றித் தாங்களும் “அவரைச் சிரமப்படுத்த வேண்டாம்” என்று சொல்லிவிட்டதாக அறிகிறேன். முப்பத்துநான்கு வருடம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துப் பிழைத்தவன் நான். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று தெரியும். என் மகள் தினமும் உங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள். அவளுக்காகவாவது நடந்ததை வரிசையாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

எங்கள் தெருமுனை நூலகத்தின் மாடியில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. இதை நடத்துபவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் இன்னும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் என்றே பெயர். அவர்தான் சனியும் ஞாயிறும் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வாசிப்பு மாரத்தான் என்று அறிவித்தார். ஆளுக்கு ஒரு புத்தகம், இதுவரை படிக்காததாக இருக்க வேண்டும், அதை ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு நாளில் முடிக்க வேண்டும். நான் யோசித்தேன். தங்கள் நூலை நான் பதினொரு முறை தொடங்கி, ஒவ்வொரு முறையும் பதினேழாம் பக்கத்தில், குழாய்களின் விட்டம் பற்றிய அட்டவணையில் நின்றுபோயிருந்தேன். குறை நூலில் இல்லை, என்னிடம்தான். அட்டவணையைக் கண்டால் கூட்டிச் சரிபார்க்காமல் என்னால் மேலே போக முடியாது. விழாவுக்குள் படித்து முடித்துவிட்டால், முன்பு சொன்ன பொய் கொஞ்சம் முன்னதாகச் சொன்ன உண்மையாகிவிடும் அல்லவா? இந்த நல்லெண்ணத்தில்தான் பேர் கொடுத்தேன். படம் எடுப்பார்கள் என்று அறிவிப்பில் இல்லை. விசில் ஊதி “சிரிங்க” என்றார், சிரித்துவிட்டேன். ஊதிய பிறகு மறுத்துப் பேசும் துணிவு எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே இருந்ததில்லை.

நான் வேலை பார்த்த விதம் தங்களுக்குத் தெரிந்திருக்காது. அச்சகத்தில் வரிக்குக் கீழே மர ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு நான் உரக்கப் படிப்பேன். எதிரே ஒருவர் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பார். நிறுத்தக்குறிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. மனதுக்குள் படிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர், விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து கவிதை படித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“ஐயா, யாருக்கு டிக்டேஷன் குடுக்கறீங்க?”

“நானா?”

“நீங்கதான். ‘பம்பு ஹவுஸ் கால்புள்ளி மேல்நிலைத் தொட்டி கால்புள்ளி’ன்னு வந்துக்கிட்டே இருக்கு. என் கவிதையில ஒரு கால்புள்ளிகூடக் கிடையாது. இப்ப அதையும் சேர்த்துப் படிக்கறேன்.”

எதிர் வரிசையில் இருந்த பல் டாக்டர் அம்மா, அதற்குள் எழுபது பக்கம் முடித்திருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: “அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. புதுப் பத்தின்னு அவர் சொல்றப்பதான் நான் மூச்சு விடறேன்.”

விசில் வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேட்டார். ஒன்பது என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஸ்கேலையும் புத்தகத்தையும் நாற்காலியையும் தம் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கத்து பால்கனியில் போட்டு, “இங்க எவ்வளவு சத்தமா வேணும்னாலும் படிங்க” என்று கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார்.

பால்கனியில் உரக்கப் படிக்கலாம் என்றதும் எனக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. அட்டவணையைக் கூட்டினேன், சரியாக இருந்தது, மேலே போனேன். இருபதாம் பக்கத்தில் கதவு திறந்தது. டிரைவர் நாற்காலியோடு நின்றார். “நம்ம டிப்போ எதிர்ல ரோடு உள்வாங்கிச்சே, அதைப் பத்தியா படிக்கறீங்க? அன்னிக்கு என் பஸ்ஸுதாங்க முதல் பஸ்” என்றார். உட்கார்ந்தார். கவிதைப் புத்தகத்தை முழங்காலில் கவிழ்த்து வைத்தவர் பிறகு திருப்பவே இல்லை. பிற்பகலில் பல் டாக்டர் அம்மா தம் புத்தகத்தை முடித்துவிட்டு வந்தார். ஞாயிறு காலை பால்கனியில் என்னுடையதைத் தவிர ஏழு நாற்காலி. விசில்கூட, கண்காணிக்க வந்தவர் போல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி, நான் இச்சகம் பேசவில்லை: தாங்கள் உடைந்த பெருங்குழாய்க்குள் டார்ச்சோடு இறங்கும் இடத்தில் பால்கனியில் ஒருவரும் இருமவில்லை. வால்வு அத்தியாயத்தில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. முன்பு சொன்னது பொய், இது மெய். இரண்டுக்கும் வாக்கியம் ஒன்றாக அமைந்துவிட்டது என் துரதிர்ஷ்டம்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு 192ஆம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தேன். பணி ஓய்வு பெற்று என்ன செய்வதென்று தெரியாமல் தாங்கள் வீட்டுக் குழாயையே திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் கட்டம். “அந்த நிலையில்தான், என் பிற்கால வாழ்க்கைக்கே ஒழுங்கு கற்றுக்கொடுத்த ஒரு மனிதரைச் சந்தித்தேன். அவர்” என்று பக்கம் முடிகிறது. திருப்பினேன். படித்தேன். இரண்டு பக்கம் போயிருக்கும். “ஐயா, இந்த மேனேஜரைக் கொஞ்ச நேரம் முன்னாடிதானே மாத்தினாங்க?” என்றார் டிரைவர். “வாரிய வேலையில் இரண்டு முறைகூட மாற்றுவார்கள்” என்றேன். எனக்கும் எங்கேயோ படித்த மாதிரிதான் இருந்தது; ஆனால் எழுபத்திரண்டு வயதில் எனக்கு எல்லாமே எங்கேயோ படித்த மாதிரிதான் இருக்கிறது. பக்க எண்ணைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அச்சகத்தில் பக்க எண்ணுக்குத் தனி ஆள் இருந்தார். இன்னும் நான்கு பக்கம் போனதும், தாங்கள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளும் இடத்தில் பல் டாக்டர் அம்மா கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க. கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிப் பல். அதைத்தான் அப்பவே பிடுங்கியாச்சே?”

“வேறு பல்லாக இருக்கலாம்” என்றேன்.

“ஒரே பல்லை ரெண்டு தடவை பிடுங்க முடியாது. இது என் தொழில்.”

அப்போதுதான் பார்த்தேன். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். 177 முதல் 192 வரையுள்ள பன்னிரண்டாவது ஃபாரம் இரண்டு முறை தைக்கப்பட்டிருக்கிறது. அடுத்து 209. நடுவே பதினாறு பக்கம் இல்லவே இல்லை. பால்கனியில் பெரிய சலசலப்பு. அந்த மனிதர் யார் என்று தெரியாமல் வீட்டுக்குப் போகமாட்டோம் என்றார்கள். மந்திரியாக இருக்கும் என்றார் டிரைவர். “மந்திரிகிட்ட எவனாவது ஒழுங்கு கத்துப்பானா? யாராவது யோகா மாஸ்டரா இருப்பாரு” என்றார் விசில். நூலகர் கீழே போய், தாங்கள் நன்கொடையாகக் கொடுத்த பிரதியை எடுத்துவந்தார். அதிலும் அப்படியே. இரவல் சீட்டு வெள்ளையாக இருந்ததை நான் கவனித்தேன், ஆனால் எழுதப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எழுதிவிட்டேன். உடனே மகளுக்குப் போன் செய்தேன்.

“ஆமாம்ப்பா, எங்க புக்லயும் 192க்கு அப்புறம் 177தான் இருக்கு.”

“இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறதே அம்மா, நீ பார்க்கவில்லையா?”

“அப்பா, நீங்க படிச்சீங்களா இல்லையாங்கறதுதான் இப்ப பிரச்சினை. என்னை இழுக்காதீங்க.”

இந்த இடத்தில் ஒரு சிறிய கணக்கை மிகுந்த பணிவோடு தங்கள் முன் வைக்கிறேன். வெளியீட்டு விழாவில் பதினான்கு பேர் இந்நூலை வரிவரியாக ரசித்ததாகப் பேசினார்கள். பிறகு உறவினர்களும் நண்பர்களும் பாராட்டி எழுதிய கடிதங்களைத் தாங்களே ஒரு கோப்பில் வைத்துக் காட்டினீர்கள். சம்பந்தியம்மாவும் ஒரே மூச்சில் முடித்ததாகச் சொன்னார்கள். இவர்கள் யாரையும் நான் சந்தேகிக்கவில்லை. பதினாறு பக்கம் இல்லை என்பதைச் சொல்லித் தங்கள் மனதை நோகடிக்க வேண்டாம் என்று எல்லோருமே தனித்தனியாக நினைத்திருக்கலாம். ஆசிரியர் தம் நூலை அச்சான பிறகு படிப்பது வழக்கமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 192ஆம் பக்கம்வரை உண்மையாகப் படித்தவன் என்று சாட்சியோடு நிரூபிக்கக்கூடிய ஒரே உறவினர் நான்தான். சாட்சிகள் ஏழு பேர், விசிலோடு எட்டு.

இது எப்படி நடந்திருக்கும் என்பதையும் ஒரு தொழிலாளியாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சகத்திலேயே பார்த்திருக்கிறேன். எங்கேயோ ஒரு சோம்பேறியிடம் ஒரு ஃபாரத்தின் ப்ரூஃப் போயிருக்கும். அந்த ஆசாமி அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கமாட்டான். விழா நாள் நெருங்கியிருக்கும். தடிமன் குறையக்கூடாதே என்று அச்சகத்தில் முந்தைய ஃபாரத்தையே இன்னொன்று அடித்துத் தைத்துவிடுவார்கள். “பன்னிரண்டாவது ஃபாரம் தாண்டி எவன் படிக்கப்போறான்” என்பார் எங்கள் ஃபோர்மேன். அந்தப் பொறுப்பற்ற மனிதர் யாரென்று தாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து இரண்டாம் பதிப்பு மேடையிலேயே பேர் சொல்லிக் கண்டிக்க வேண்டும். அதற்குப் பிறகு, தங்களுக்குச் சம்மதமானால், அந்தப் பதினைந்து நிமிடம் நான் பேசுகிறேன். பயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முறை படித்துவிட்டுப் பேசுவேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பேத்திக்கு என் ஆசியும் சேரட்டும். அங்கே எல்லோரும் பல்லாண்டு நல்ல தண்ணீரும் நல்ல உறக்கமுமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை மீண்டும் எதிர்பார்க்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: எனக்கு வரும் தபாலையும் நான் அனுப்பும் தபாலையும் ஒரு நோட்டில் பதிவது என் வழக்கம். இந்தக் கடிதத்தைப் பதிவதற்காக நோட்டை எடுத்தேன். தங்கள் பெயர் வரும் பதிவுகளை, சும்மா ஒரு ஆசையில், பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு வருடத்துக்கு முன், எனக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த மறுநாள் தேதியில், என் மனைவியின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “சம்பந்தியிடமிருந்து தடித்த உறை. அவசரம் என்று எழுதியிருக்கிறது.” அதற்குக் கீழே, கண் கட்டைப் பிரித்த பிறகு நான் எழுதியது: “நிதானமாகப் பார்க்க வேண்டும்.” மனைவியிடம் கேட்டேன். “மேல் தட்டுல இருக்கு. ரெண்டு வருஷமா அது மேலதான் உங்க மாத்திரை டப்பாவை வெச்சு எடுக்கறீங்க” என்றாள். பிரித்தேன். தங்கள் குறிப்பு: “இந்தப் பதினாறு பக்கமும் உங்களைப் பற்றியது என்பதால் நீங்களே பார்ப்பதுதான் முறை. திருத்தி நேராக அச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள். நான் மறுபடி பார்க்கத் தேவையில்லை, உங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை.”

மேடையில் கண்டிப்பதாக இருந்தால் என்னுடைய பதினைந்து நிமிடத்தையே அதற்கு எடுத்துக்கொள்ளலாம். டிரைவர் இன்று காலைகூட வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி, அந்த மனிதர் யாரென்று தெரிந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். யோகா மாஸ்டர் என்று சொல்லிவிட்டேன்.

பதினாறு பக்கத்தையும் ஒரே மூச்சில், ஸ்கேல் இல்லாமல் படித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பிழைகள் இரண்டு. 201ஆம் பக்கத்தில் என் வயதை எழுபத்திரண்டு என்று இரண்டு கூட்டிப் போட்டிருந்தீர்கள். தாமதத்தால் அது சரியாகிவிட்டது, அப்படியே விடலாம். மற்றது 193ஆம் பக்கத்தின் முதல் வரி: “ஒரு வேலையை ஒப்புக்கொண்டால், சொன்ன நாளுக்குள் முடிக்காமல் தலை சாய்க்கமாட்டார்.” அதில் நான் கை வைக்கவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். ஆசிரியர் பார்த்து முடிவு செய்யவும்.