மெர்சி அக்காவுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

இலக்கியம் படிப்பவளிடம் ஆலய அறிவிப்பு எழுதும் வேலையை ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது. இதற்கு உயிருள்ள சான்று நான்.

திண்டிவனத்தில் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனைக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. வராதவர்களை ஊக்கப்படுத்த ஏதேனும் செய்யுமாறு ஆயர், வாலிபர் குழுவின் செயலாளரான என்னைக் கேட்டார். (வேறு யாரும் கை தூக்காததால் கிடைத்த பதவி அது.) வீடு வீடாகச் சென்று விசாரிப்பதே முறை. எனக்கோ அந்நியர் வீட்டு வாசலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, நான்கு வாரம் தொடர்ந்து வராதவர்களின் பெயர்களை, நோயாளிகளுக்காக வாசிக்கும் ஜெபக்குறிப்பின் கீழே சேர்த்துவிட்டேன்.

முதல் பெயர் மெர்சி அக்கா. விழுப்புரத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பூரி போடுபவர். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம் என்பது ஊருக்கே தெரியும். நான்தான் விசாரித்ததில்லை.

"மந்தையைப் பிரிந்து, வழி மறந்த ஆட்டைப் போல் தொலைவில் நிற்கும் சகோதரி மெர்சிக்காக..." என்று கணீரென்று வாசித்தேன். (அந்த உவமையை இரண்டு நாள் செதுக்கியிருந்தேன்.)

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது: "ஆடு வந்துடுச்சு பாப்பா. இங்கதான் குந்திக்கினு இருக்குது."

ஆலயமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஆயர் இருமினார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நன்றி. அடுத்ததாக..." என்று இரண்டாவது பெயரை வாசித்தேன்.

அன்று நற்கருணை ஞாயிறு. அதற்காகவே மெர்சி அக்கா முதலாளியிடம் கெஞ்சி அரை நாள் விடுப்பு வாங்கி வந்தாராம். எல்லோரும் பீடத்தை நோக்கி எழுந்தபோது அவர் இடம் காலியாக இருந்தது. அதன்பின் அவர் வரவில்லை. மூன்று பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நடை திருப்தியளிக்காததால் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது சாப்பிட வரத் தாமதித்தால், "இன்னா, ஜெபக்குறிப்புல போட்டுடலாமா?" என்பார் அப்பா. எல்லோரும் சிரிப்போம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, ஆலயத்துக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் மெர்சி அக்கா நின்றிருந்தார். அப்பா அந்தக் கேலியை அவரிடமே சொன்னார்.

"கோவத்த விடு மெர்சி. இனிமே உன் பேரப் படிக்க மாட்டா."

"படிக்கட்டும்ணே," என்று சிரித்தார் அவர். "அத்தினி வருசத்துல அன்னிக்கு ஒரு நாளுதான், நான் வந்தேனா இல்லியான்னு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

நான் வாய் திறப்பதற்குள் விழுப்புரம் பேருந்து வந்துவிட்டது. "ஜல்தியா போவணும் பாப்பா, மாவு பிசையணும்" என்று ஏறிக்கொண்டார்.

நாங்கள் ஆராதனைக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.