துண்டை விலக்கிய மேலாண்மை

உலக வணிகத்தின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள், திண்டிவனத்தில் நடந்த 'சிறுவணிகர் மேலாண்மைப் பயிற்சி'க்கு முன், பின் என்று அதை இரண்டாகப் பிரித்தே தீரவேண்டும். 1986இல், அறுவடை மும்முரத்தில், விழுப்புரத்தில் மல்லாட்டை எனும் நிலக்கடலை வியாபாரம் செய்த ஜினபால நயினார் கடையைப் பூட்டிவிட்டு அந்தப் பயிற்சிக்குப் போனார்.

சென்னையிலிருந்து வந்த நிபுணர் பாண்டுரங்கன் வாழ்நாளில் ஒரு குண்டூசிகூட விற்றதில்லை. ஆகவே வணிகத்தை நடுநிலையோடு பார்க்க அவரால் முடிந்தது.

"துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடிச்சு விலை பேசறீங்களாமே? வெளிப்படைத்தன்மை வேணும் சார்."

"அது வந்துங்க," என்றார் ஜினபாலன், "ஒருத்தர் காய் ஈரமா இருக்கும், வெலை கொறையும். நாலு பேருக்குத் தெரிஞ்சா மானக்கேடு."

"மானத்துக்கு மேலாண்மையில இடமே இல்லை."

அரங்கம் கைதட்டியது. ஜினபாலன் தம் பச்சைக்கரைத் துண்டை, மனைவி அனந்தமதி மூலைக் கிழிசலில் போட்ட சிவப்புத் தையலோடு, மேடையில் ஒப்படைத்தார். வணிகரை வணிகர் தாங்கும் 'ஆதரவு வலையம்' பிறந்தது. பக்கத்து மண்டி தேவநாதன் அவருடைய 'ஆதரவுத் துணைவர்' ஆனார். வலையத்தின் தலைவரை நிபுணரே 'தகுதி ஒன்றை மட்டும் பார்த்து' அறிவிப்பார்.

மறுநாள் கெடார் கிராமத்திலிருந்து குடியானவர் கொளஞ்சி மல்லாட்டை மூட்டைகளோடு வந்தார். ஜினபாலன் காயை அள்ளிப் பார்த்தார், ஈரம். பயிற்சியில் சொன்னபடி, அத்தனை பேர் நடுவிலும் விலையை உரக்கச் சொன்னார்.

கொளஞ்சியின் முகம் சுண்டிவிட்டது.

"ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்களே, நயினாரே. எம் பொண்ணுக்கு சம்பந்தம் பேச வர்றவங்களும் இங்கதான் நின்னுக்கினு இருக்காங்க."

மூட்டைகள் வண்டிக்குத் திரும்பின. வாரம் முடிவதற்குள் மற்றவர்களும் போய்விட்டார்கள். அப்பா காலத்திலிருந்து வந்த குடியானவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஆதரவு தேடித் துணைவரின் மண்டிக்குப் போனார். வாசலில் கெடார் வண்டிகள் எல்லாம் நின்றன. உள்ளே தேவநாதன், துண்டுக்கு அடியில் ஒருவர் விரலைப் பிடித்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் பாண்டுரங்கன்.

"வாங்க நயினாரே. தலைவர் பதவி விஷயமா சார்கிட்ட பேசிக்கினு இருக்கேன்."

"இது தனிப்பட்ட ஆலோசனை," என்றார் நிபுணர்.

துண்டுக்குப் பச்சைக்கரை. மூலையில் சிவப்புத் தையல்.

"ஆலோசனை தாராளமா நடக்கட்டுங்க," என்றார் ஜினபாலன். "என் துண்ட மட்டும் குடுத்துடுங்க. கொளஞ்சி வெளியதான் நிக்கறாரு, ஜல்தியா போய்க் கூப்புடணும்."

நிபுணர் துண்டை விடவில்லை. பேரம் இன்னும் படியவில்லையாம்.