பிரேக்கரின் குதிகோல்

சுவரை உடைக்கிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, சுவருக்கு மேலே எகிறிப் பார்க்க நினைத்தவன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். மறைமலைநகர் கம்பெனிகளில் கான்கிரீட் உடைப்பது அவன் பிழைப்பு. அந்த மெஷினின் பெயரே அவனுக்கும் ஒட்டிக்கொண்டது: பிரேக்கர். சிங்கப்பெருமாள் கோயிலில் எனக்குப் பக்கத்துப் போர்ஷன்.

எதையாவது எதோடாவது இணைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மகள் பிறந்ததும், தொட்டில் தானாக ஆடட்டும் என்று அதில் டிரில்லிங் மெஷினை மாட்டினான். நல்லவேளை, சோதனைக்குப் பூசணிக்காயைத்தான் படுக்க வைத்திருந்தான். அது பறந்துபோய் மாமனார் மடியில் விழுந்தது. அன்று சாயங்காலமே மனைவி குழந்தையோடு புதுப்பட்டினத்துக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். வாசல்படி மிதிக்கக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார்.

நாலு வருஷம் மகளைப் பார்க்காமல் இருந்தான். பிறகு மாமனார் வீட்டு மதில் சுவருக்கு மேலே எகிறி அவளைப் பார்த்துவிடுவது என்று, மாமல்லபுரத்தில், ஏறி நின்று குதிக்கிற, அடியில் ஸ்பிரிங் வைத்த குதிகோல் ஒன்று வாங்கி, அதில் பிரேக்கர் மெஷினைப் பொருத்தினான்.

"ஏணி வெச்சிப் பாக்கறதுதானேடா?"

"திருடன்னு புட்சிக் குடுத்துடுவாங்க அண்ணாத்த. குதிக்கிறவன எவன் கேப்பான்?"

ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினத்துக்கு நானும் கூடப் போய்த் தொலைத்தேன். எதிர் டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்து, சுவரோரம் குதிகோலில் ஏறி நின்று சுவிட்சைப் போட்டான். மெஷின் இடிக்க இடிக்க ஸ்பிரிங் அவனை மேலே தூக்க வேண்டும். அதுதான் அவன் திட்டம். மெஷினுக்குத் தெரிந்ததோ தோண்டுவது மட்டும். பல் கிடுகிடுக்க, மண்ணுக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டான்.

"கெணறு வெட்றியா நைனா?" என்றார் டீக்கடைக்காரர்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அந்தச் சுவத்தையே உடைச்சிடேன்டா!"

"இன்னா அண்ணாத்த! வண்டிங்க பறக்குற ரோடு இது. சுவரு இல்லேன்னா பாப்பா ஓடியாந்துடும்."

சிரிக்கத்தான் போயிருந்தேன். அவனை மண்ணிலிருந்து இழுத்துவிட்டேன். குனிந்தேன். "ஏறித் தொலை."

தோள்மேல் ஏறி நின்றான்.

"இன்னாடா தெரியுது?"

"எம்மாம் ஒசரம் ஆயிட்டா அண்ணாத்த! தனியா கட்டம் போட்டு பாண்டி ஆடிகினு கீறா."

"கூப்பிடேன்டா."

"வாணாம். நான் யாருன்னு தெரியாது. பயந்துடுவா."

என் தோள் விட்டுப்போயிற்று. எண்பது கிலோவாவது இருப்பான். இறங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.