தோட்டத்துத் துரை

"ராமதாஸ், ஓய் ராமதாஸ், காது என்ன அடைச்சுப்போச்சா?"

மேஸ்திரி மீரா சாகிப் மூன்றாவது தடவை கத்திய பிறகுதான், தன் பெயர் ராமதாஸ் என்பது முனுசாமிக்கு ஞாபகம் வந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

இரவல் பெயர். நிபோங் திபால் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றிலிருந்து மனைவி மீனாட்சியோடு தப்பி ஓடி வந்து, பிறையில் ஜார்ஜ் டவுனுக்குச் சம்பான் ஏறியபோது படகுக்காரன் பெயர் கேட்டான். காய்ச்சலில் செத்துப்போன அடுத்த கூலி லயத்துக்காரன் பெயர்தான் முனுசாமியின் வாயில் வந்தது. செத்தவனுக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்காது. உயிரோடு இருந்தவனுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

ஒப்பந்தம் முடியாமல் ஓடியவன் அகப்பட்டால் முதலில் ஜெயில், பிறகு மறுபடி அதே தோட்டம். ஜெயிலைப் பற்றி முனுசாமிக்குப் பெரிய பயம் இல்லை. தோட்டம்தான் பயம். அவர்களுடைய முதல் குழந்தை அங்கேதான் கரும்புக்கு நடுவில் புதைந்து கிடந்தது. இப்போது மீனாட்சி மறுபடி நிறைமாதமாக இருந்தாள். இந்தப் பிள்ளையாவது தோட்டத்துக்கு வெளியே பிறக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் இருவருக்கும் வேறு ஆசை கிடையாது.

"அந்த வாய்க்கால் வாயில பலகை வச்சது நீதானே?" என்றார் மேஸ்திரி.

"ஆமா மேஸ்திரி."

"நல்லா மாட்டிக்கிட்டே போ," என்று மேஸ்திரி சிரித்தார். "நேத்து தோட்டத்துத் தொரை வந்து பாத்தாரு. இத வச்ச ஆளு யாருன்னு துருவித் துருவிக் கேட்டாரு. நாளைக்கு மறுபடி வர்றாராம், ஒன்னப் பாக்கணுமாம்."

"எந்தத் தொரை மேஸ்திரி?"

"தோட்டத்துத் தொரைன்னு சொல்றேன்லா. வேற எந்தத் தொரைக்கு இங்க என்ன வேல?"

மீரா சாகிப் ஜார்ஜ் டவுனில் பிறந்து ஜார்ஜ் டவுனிலேயே நரைத்தவர். கடல் தாண்டிப் பிறைக்குக்கூடப் போனதில்லை. அவர் வெற்றிலையை மென்றபடி போய்விட்டார்.

பலகை விஷயம் இதுதான். டத்தோ கிராமாட் சாலையோரம் கிடந்த சதுப்பு நிலத்தை, ஜனங்கள் காற்று வாங்க ஒரு பார்க்காக மாற்றுவதென்று முனிசிபாலிட்டி முடிவு செய்திருந்தது. இஞ்சினியர் துரையின் திட்டம் காகிதத்தில் மிக அழகாக இருந்தது. நடுவே குளம் வெட்டுவது, அந்த மண்ணாலேயே சுற்றிலும் மேடாக்கிப் புல் பதிப்பது, குளத்து நீரை வாய்க்கால் வழியாக ஆற்றில் விடுவது. ஆற்றுக்குத்தான் இந்தத் திட்டம் தெரியவில்லை. கடல் ஏறும்போதெல்லாம் அது வாய்க்கால் வழியே திரும்பி வந்து குளத்தை நிரப்பியது. அதைத் தடுக்க வேண்டிய இரும்பு மதகு சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதுவரைக்கும் இருக்கட்டுமே என்று, கரும்புக் காட்டில் செய்வதுபோல முனுசாமி ஒரு பலகையைத் தொங்கவிட்டான். உள்ளே இருக்கும் நீருக்கு அது வழிவிடும், வெளியிலிருந்து வரும் நீருக்குச் சாத்திக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் மீனாட்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பலகைய ஏன் வச்சீங்க?"

"தண்ணி வந்துச்சு, வச்சேன்."

"ஊருத் தண்ணி வந்தா ஒங்களுக்கென்ன? கரும்புத் தோட்டத்தான்னு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி ஆச்சு."

"எடுத்துட்டா?"

"எடுத்துடுங்க. பலகையே இல்லன்னா யாரு வச்சான்னு என்ன கேள்வி."

இருட்டும் முன்பே முனுசாமி போய்ப் பலகையைப் பிடுங்கி ஆற்றில் விட்டான். அது பௌர்ணமி என்பதையும், அன்று கடல் வழக்கத்தைவிட ஏறும் என்பதையும் பயத்தில் மறந்துவிட்டான்.

காலையில் பார்க் இருந்த இடத்தில் கடல் இருந்தது. புதிதாகப் பதித்த புல் பாய் பாயாக மிதந்தது. பக்கத்துச் சீனர் வீட்டு வாத்துகள் அதனிடையே நிதானமாக உலாவின. அந்தப் பார்க்கில் காற்று வாங்கிய முதல் பொதுஜனங்கள் அவைதாம். இஞ்சினியர் துரை முழங்கால் நீரில் நின்று, கையிலிருந்த படத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலகைய எவனோ விறகுக்குத் திருடிட்டான்லா," என்று மேஸ்திரி முனுசாமியின் தோளைப் பிடித்து எல்லார் முன்னாலும் இழுத்து வந்தார். "தம்பி, ஒடனே இன்னொண்ணு செஞ்சு மாட்டு. தோட்டத்துத் தொரை மத்தியானம் வந்துடுவாரு. ஒன் பேரச் சொல்லி வச்சிருக்கேன்."

நேற்று வரை மேஸ்திரிக்கு மட்டுமே தெரிந்திருந்த விஷயத்தை முனுசாமி இன்று இஞ்சினியர் துரையும் இத்தனை கூலிகளும் வேடிக்கை பார்க்கச் செய்ய வேண்டியதாயிற்று. மாட்டி முடித்ததும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டான்.

"என்ன தம்பி கட்டு?"

"பல்லுவலி மேஸ்திரி. தாங்க முடியல. வீட்டுக்குப் போறேன்."

மேஸ்திரி இளகிய மனசுக்காரர். அவனை வீட்டுக்கு விடாமல், தானே கையைப் பிடித்து முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அப்துல் ரஹீமிடம் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

"எந்தப் பல்லு?" என்றார் டிரெஸ்ஸர்.

முனுசாமி ஏதோ ஒன்றைக் காட்டினான்.

"இது நல்லாத்தானே இருக்கு?"

"உள்ளுக்குள்ள வலிக்குதுங்க."

"உள்ளுக்குள்ளன்னா ரொம்ப மோசம்," என்று டிரெஸ்ஸர் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். கரும்பு கடித்து வளர்ந்த பல். வருவேனா என்று அடம்பிடித்துத்தான் வந்தது.

மறுநாள் கன்னம் பூசணிக்காயாக வீங்கிய நிலையில் முனுசாமி வேலைக்கு வந்தபோது, மேஸ்திரி முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார்.

"தொரை நேத்து வந்து ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தாரு. பல்லுவலின்னேன். பாவம், சரியாகட்டும்னாரு. நாளைக்குக் காலையில வண்டியோட வர்றாராம்."

"வண்டி எதுக்கு மேஸ்திரி?"

"ஒன்னக் கூட்டிட்டுப் போகத்தான். பொஞ்சாதி இருக்காளான்னு கேட்டாரு. இருக்கா, புள்ளத்தாச்சின்னு சொன்னேன். ரெண்டு பேரையும் ஏத்திக்கிறேன்னுட்டாரு. இருக்க எடமெல்லாம் தயாரா இருக்காம்."

"நான் இங்கேயே இருந்துடறேன்னு சொல்லுங்க மேஸ்திரி. ஒங்க கால்ல விழுறேன்."

"கூச்சப்படாத தம்பி. எல்லாம் பேசி முடிச்சாச்சு."

கைதட்டாத குறையாக அந்த மனிதர் சந்தோஷப்பட்டார். ஆளைப் பிடித்துக் கொடுப்பதில் ஒருவருக்கு இத்தனை சந்தோஷம் இருக்குமா என்று முனுசாமிக்கு நெஞ்சு எரிந்தது. இந்தக் கையால்தானே நோன்புக் கஞ்சி கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டான்.

ஓடலாம் என்றால் மீனாட்சியால் தெருக்கோடி வரைகூட நடக்க முடியாது. அவளை விட்டுவிட்டு ஓடினால் வண்டி அவளை ஏற்றிக்கொள்ளும். யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். இதுவரை கண்டுபிடித்தவற்றில் இதுதான் ஆக மோசமானது.

"நானே போலீஸ்ல போய் நின்னுடறேன். முனுசாமி நான்தான், தனியா ஓடி வந்தேன், பொஞ்சாதி செத்துட்டாள்னு எழுதிக் குடுத்துடறேன். சர்க்கார் எழுதிட்டா எழுதினதுதான். அப்புறம் தொரையே வந்தாலும் ஒன்னக் கேக்க முடியாது."

மீனாட்சி கேட்டாள்: "நான் எதுல செத்தேன்?"

"காய்ச்சல்ல."

"சரி. அங்க எல்லாரும் அதுலதானே செத்தாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவன் வீங்கிய கன்னத்தைத் தொட்டாள். அதன் பிறகு இருவரும் அழுதார்கள். விடிந்ததும் அவளைப் பக்கத்து வீட்டு சலேஹாவிடம் விட்டுவிட்டு, முனுசாமி போலீஸ் கொட்டடிக்கு நடந்தான்.

அங்கே அவனை ஒருவரும் நம்பவில்லை. ஓடிப்போன கூலியைப் பிடித்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். தானாக வந்து நிற்பவனை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஒன்ன யாரும் தேடலையேப்பா," என்றார் போலீஸ்காரர் யூசுப். "குடிச்சிருக்கியா?"

"இல்லைங்க. நான்தாங்க முனுசாமி. நல்லாத் தேடிப் பாருங்க."

தேடினார்கள். பழைய வாரண்டுக் கட்டுகளைத் தட்டித் தும்மினார்கள். தோட்டத்தின் பெயரை அவனே இரண்டு தரம் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவழியாக, எலி கடித்த ஒரு கட்டின் அடியிலிருந்து முனுசாமி கிடைத்தான். மனைவி என்ற இடத்தில் காய்ச்சலில் இறந்தாள் என்று எழுதி, அவன் கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் பதித்தார்கள். கைக்கு விலங்கும் மாட்டினார்கள். வேலை முடிந்ததில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

யூசுப் அவனை டத்தோ கிராமாட் சாலை வழியாகப் படகுத்துறைக்கு நடத்திப் போனார். நல்ல மனிதர், மெதுவாகவே நடந்தார். சாலை ஓரத்தில் சலேஹாவின் தோளைப் பிடித்தபடி மீனாட்சி நின்றுகொண்டிருந்தாள். அவளால் கூப்பிட முடியவில்லை, அழவும் முடியவில்லை. சற்று முன்புதான் செத்தவள் அவள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, யாரோ ஒரு கைதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முனுசாமியும் யாரோ ஒரு பெண்ணைக் கடப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு கடந்தான். நல்லபடியாகப் பெற்றுக்கொள் என்று மனசுக்குள் சொன்னான்.

பார்க் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. பின்பாதியில் தொட்டி தொட்டியாகச் செடிகள். முன்பாதி காலியாக, வைக்கோல் பரப்பி, மேலே ஒரு பாய் விரித்திருந்தது. வண்டி நிழலில் ஒரு கிழட்டுத் துரை தொப்பியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முனுசாமி அவரை ஓரக்கண்ணால் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த துரை இல்லை. தோட்டத்துக்குப் புதுத் துரை வந்திருக்கிறார் போலும் என்று எண்ணி, யூசுப்பின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

வண்டிக்காரர் பழனியப்பன் இறங்கி வந்து யூசுப்பை நிறுத்தினார்.

"அண்ணே, இங்க வேல செய்யிற ராமதாஸுங்கிறவரு வீடு எதுண்ணே? தண்ணிமலைப் பூந்தோட்டத்துத் தொரை அவருக்கும் பொஞ்சாதிக்கும் வீடும் வேலையும் குடுத்துக் கையோட கூட்டிட்டுப் போகணும்னு காலையிலேருந்து காத்துக்கிட்டு இருக்காருலா."